தனி ஆவர்த்தனமும் பூட்டிய செருப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை பம்பாய் செம்பூரில் ஒரு கச்சேரி. பாடகர் பாட்டை நிறுத்த, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்தார். நன்றாகத்தான் வாசித்தார். போதுமான அளவு கேட்டேன். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

"ஆன்ட்டி, தனி நடக்கும்போது எழுந்து போறது ஆர்ட்டிஸ்ட்டை இன்சல்ட் பண்றது. ப்ளீஸ், உட்காருங்கோ."

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்! தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போவதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான். அதுவும் மாதுங்காவில்... முழுதாக இரண்டு வருடம்!

நம்ப மாட்டீர்கள். நம்புகிற மாதிரி சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் மாதுங்காவில் ஒரு சபாவில் வேலை பார்த்தேன். டைப்பிஸ்ட் என்று பெயர். டைப் அடித்த நேரம் ரொம்பக் குறைவு. மெட்ராஸ் மெயிலில் தாதரில் வந்து இறங்கும் வித்வான்களுக்கு வெந்நீர், விபூதி, வெற்றிலை எல்லாம் தயாராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாடகருக்கு ஃபேன் ஆகாது. வயலின்காரருக்கு ஃபேன் இல்லாவிட்டால் ஆகாது. பாடகர் கண்ணை மூடிப் பாடும்போது ஃபேனைப் போட்டு, கண்ணைத் திறப்பதற்குள் அணைக்க வேண்டும். இதற்கு ஒரு காலேஜிலும் பட்டம் கிடையாது. ஆனால் நான் கெட்டிக்காரி.

அந்த வேலையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதற்குப் பிறகு ஃபோர்ட்டில் பெரிய கம்பெனியில் ஏ.சி. அறையில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளாவது காலையில் எழுந்ததும் 'ஆஹா, ஆபீஸ் போகலாம்' என்று தோன்றியது உண்டா? சபா வேலையில் தினமும் தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயர் பிலாய்.

பிலாயில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். இரும்பு ஆலையில் உத்தியோகம். ஜாதகம் பொருந்திவிட்டது. அப்பா என்னிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார் — "உனக்கு வேலை இருக்கிற வரைக்கும் நான் கல்யாணப் பேச்சை எடுக்கலை. வேலை போச்சுன்னா மறுநாளே பிலாய்க்குத் தந்தி." மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்தேன். ஆலையின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். புகைபோக்கியின் முகத்திலாவது கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

ஆகவே அந்த வேலை எனக்கு வேண்டும். கட்டாயம் வேண்டும்.

எங்கள் சபாவின் செக்ரெட்டரி சேஷு மாமா. பகலில் பாங்கில் ஹெட் கிளார்க். சாயங்காலம் ஜரிகை அங்கவஸ்திரம் ஏறிவிட்டால் திவான் பகதூர். அவருக்கு அந்த வருடம் ஒரு ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்துக்குக் காரணம் ஒரு மிருதங்க வித்வான். பெயர் வேண்டாமே. பெரிய மீசை வைத்திருப்பார். மீசைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

முந்தின வருடம் மீசைக்காரர் எங்கள் சபாவுக்கு வந்திருந்தார். தனி ஆவர்த்தனம் என்றால் என்ன? பாடகர் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார். மிருதங்கக்காரர் தன் வித்தை முழுவதையும் காட்டுவார். அவருக்கு அதுதான் கச்சேரியின் உச்சம். பம்பாய்த் தமிழர்களுக்கு? அதுதான் காட்கோபர் லோக்கலைப் பிடிக்கும் நேரம். ரயில் பிடிக்காதவர்களுக்கு அது போண்டா நேரம். மீசைக்காரர் முதல் தட்டுத் தட்டினார்... ஹால் மொத்தமும் எழுந்தது. ஏதோ அவர் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி!

மீசைக்காரர் மேடையிலேயே மிருதங்கத்துக்கு உறையை மாட்டிவிட்டார். "மாதுங்காவிலே நாற்காலிக்குத்தான் வாசிச்சுட்டு வந்தேன்" என்று மெட்ராஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். சேஷு மாமாவுக்கு ஒரு வருடம் தூக்கம் இல்லை.

இந்த வருடம் வர வேண்டிய பாடகர், "மீசைக்காரர் இல்லாமல் பாட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மீசைக்காரரோ, "தனியிலே ஒருத்தர் எழுந்தாலும் உறையைப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார். சேஷு மாமா, "ஒருத்தர்கூட எழுந்திருக்க மாட்டா, நான் காரன்ட்டி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாக்குக் கொடுத்தது அவர். காப்பாற்ற வேண்டியது யார்?

"கோமளா, இது உன் பொறுப்பு. நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. ஒருத்தர் எழுந்தாலும் சரி... நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

எனக்குப் புகைபோக்கி தெரிந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். கதவைப் பூட்டலாமா? போலீஸ் வரும். போண்டாவை நிறுத்தலாமா? அதற்கும் போலீஸ் வரும், மாதுங்காவில். மூன்றாம் நாள் காலை சபா வாசலில் செருப்பைக் கழற்றினேன் பாருங்கள், அப்போது உதித்தது யோசனை.

எங்கள் ஹாலில் மேடையோரம் சாமி படம், குத்துவிளக்கு எல்லாம் உண்டு. அதனால் செருப்போடு உள்ளே வரக் கூடாது. வாசல் வராந்தாவில் ஒரு மர அறை. செருப்பையும் குடையையும் கொடுத்தால் தகர வில்லை கொடுப்பார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு முத்தையா அண்ணன். தாராவியிலிருந்து நடந்தே வருவார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சொன்ன வார்த்தையை எழுத்து மாறாமல் செய்கிற மனிதர். இது எவ்வளவு ஆபத்தான குணம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அது ஜூலை மாதம். பம்பாய் மழை. ஹாலுக்கும் கேன்டீன் கொட்டகைக்கும் நடுவில் முற்றம். முற்றத்தில் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். அதைத் தாண்டித்தான் கேன்டீன். அதைத் தாண்டித்தான் பாத்ரூம். அதைத் தாண்டித்தான் கேட், தெரு, ரயில், காட்கோபர் எல்லாம். செருப்பும் குடையும் இல்லாமல் எந்த ரசிகர் எங்கே போய்விட முடியும்?

முத்தையா அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, தனி ஆரம்பிச்ச உடனே அறையைப் பூட்டிடுங்கோ. சாவியை இடுப்பில சொருகிண்டு ஹாலுக்குள்ள கடைசி பெஞ்சில போய் உட்கார்ந்துடுங்கோ. யார் கேட்டாலும் எழுந்திருக்கக் கூடாது."

"யாரு கேட்டாலுமா?"

"யார் கேட்டாலும்."

"அப்பஞ்சரி. அந்த கவர்னரே வந்து கேட்டாலும் எந்திரிக்க மாட்டேன், போங்க."

கச்சேரி நாள். ஹால் நிறைந்து வழிந்தது. வித்வான்கள் வந்து சேர்வதற்கு முன்பே சேஷு மாமா மைக்கைப் பிடித்து, "தனி ஆவர்த்தனம் முடியும் வரை பாதரட்சைக் கவுண்டர் மூடப்பட்டிருக்கும்" என்று அறிவித்தார். ஹாலில் ஒரு சலசலப்பு. முலுண்டிலிருந்து வந்த ஒரு மாமா, "அரே, இது என்ன ஜபர்தஸ்தி!" என்றார். சேஷு மாமா காதில் விழாத மாதிரி இறங்கிப் போனார்; கச்சேரி ஆரம்பிக்கும்போது முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அதற்கு நடுவில் மீசைக்காரரைக் குளிர வைப்பதற்காக அவரோடு சேர்ந்து டம்ளர் டம்ளராகக் காபி குடித்திருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முடிந்தது. பாடகர் மீசைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பக்கவாட்டுக் கதவருகே நின்று முத்தையா அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தேன். பூட்டு விழுந்தது. அண்ணன் வந்து கடைசி பெஞ்சில் சப்பணம் கொட்டி உட்கார்ந்தார்.

மீசைக்காரர் முதல் தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஒருத்தரும் எழவில்லை!

இன்னொரு தட்டு. இன்னொரு பார்வை. ஊஹூம். ஹால் கல்லாகச் சமைந்திருந்தது. மீசை இரண்டு பக்கமும் தானாக ஏறியது. சேஷு மாமா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஓர் இன்க்ரிமென்ட்டே தெரிந்தது. பிலாய் தூரத்தில், ரொம்ப ரொம்பத் தூரத்தில் போய்விட்டது.

அப்புறம் அவர் வாசித்தார் பாருங்கள்... அடடா! நடை மாற்றினார். மழையைப் பார்த்து, மழை மாதிரியே வாசித்தார். முலுண்டு மாமாவே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். முடிக்கப் போகிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு கோர்வையை மூன்று தடவை வாசிப்பார்கள் இல்லையா? அதையும் வாசித்தார். எல்லோரும் கைதட்டுவதற்காகக் கையைத் தூக்கினோம்.

மீசைக்காரர் ஹாலை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தூக்கிய கைகள் எல்லாம் மெள்ளக் கீழே இறங்கின.

சரி, உற்சாகம். வித்வானுக்கு உற்சாகம் வந்தால் நமக்குத்தானே லாபம் என்று நினைத்தேன். இன்னொரு கோர்வை வந்தது. மூன்று தடவை. கைகளைத் தூக்கினோம். ஒரு பார்வை... மறுபடியும் முதலிலிருந்து!

இப்போது முலுண்டு மாமா தொடையை விட்டுவிட்டு வாட்ச்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கேன்டீனிலிருந்து போண்டா வாசனை ஈரக் காற்றில் மிதந்து வந்தது. ஹாலே ஒரு மூச்சு இழுத்துப் பெருமூச்சு விட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு மாமி மார்க்கெட் பையைத் திறந்து கொத்தவரங்காயை எடுத்து மடியில் கொட்டிக்கொண்டார். ஆதி தாளத்துக்குச் சரியாக, ஓர் அடிக்கு ஒரு காய் என்று காம்பு கிள்ளினார். பாவம், நல்ல லயஞானம்.

பாடகர் தாளம் போட்டுப் போட்டு வலது தொடை மரத்து, இடது தொடைக்கு மாறியிருந்தார். அவர் கண்கள் என்னைத் தேடின. ஃபேனைப் போடு என்கிறாரா, காப்பாற்று என்கிறாரா? எனக்குப் புரியவில்லை. ஃபேனைப் போட்டேன்.

கொத்தவரங்காய் முடிந்தது. தனி முடியவில்லை.

மீசைக்காரரின் முகத்தைப் பார்த்தேன். உற்சாகமா அது? வியர்வை ஆறாக ஓடியது. மீசை இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. ஒவ்வொரு கோர்வைக்கும் பிறகு ஹாலைப் பார்ப்பார்... பரிதாபமாகப் பார்ப்பார்... மறுபடியும் ஆரம்பிப்பார். அவரும் முடிக்க மாட்டேன் என்கிறார். இவர்களாலும் எழ முடியவில்லை. யாராவது ஒருவர் எழுந்தால்? உறை! எனக்கு பிலாய்!

சுவரோடு ஒட்டி நின்று, இருக்கிற தெய்வத்தை எல்லாம் கும்பிட்டேன். யாரும் எழுந்துவிடக் கூடாது என்று கும்பிட்டேனா, யாராவது எழுந்து தொலைக்க வேண்டும் என்று கும்பிட்டேனா என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் சேஷு மாமாவைக் கவனித்தேன்.

முன் வரிசையில் அவர் நிலைமை சரியில்லை. வலது காலை இடது கால்மேல் போட்டார். இடது காலை வலது கால்மேல் போட்டார். அங்கவஸ்திரத்தை முறுக்கினார். மேடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வெளியே மழை 'சோ'வென்று கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்கு எந்த விதத்திலும் உதவியாக இல்லை. காபியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே?

ஐயோ மாமா... வேண்டாம் மாமா... கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ மாமா...

சேஷு மாமா எழுந்தார்.

ஹால் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. காரன்ட்டி கொடுத்த செக்ரெட்டரி, முன் வரிசையிலிருந்து, வித்வானின் மீசைக்கு நேர் எதிரே எழுந்து, இரண்டு கைகளையும் கூப்பி, யாரையும் பார்க்காமல், சின்னச் சின்ன அடியாக வைத்து என்னைத் தாண்டி வராந்தாவுக்கு ஓடினார்.

"செருப்பு! கோமளா, என் செருப்பு!"

"சாவி முத்தையா அண்ணன்கிட்ட இருக்கு மாமா."

மாமா கடைசி பெஞ்சு ஜன்னலுக்கு ஓடினார். கம்பி வழியாகக் கையை நீட்டினார். "முத்தையா! எழுந்து வா! சாவியைக் கொடு!"

முத்தையா அண்ணன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"யாரு கேட்டாலும் எந்திரிக்கப்புடாதுன்னு டைப்பு அம்மா சொல்லியிருக்காவ. தனி முடியட்டும் சார்."

"நான் செக்ரெட்டரிடா!"

"கவர்னருக்கே கிடையாதுன்னு சொல்லியாச்சு, சார்."

அதற்கு மேல் சேஷு மாமாவால் வாதாட முடியவில்லை. வாதாடும் நிலையிலும் அவர் இல்லை. மயில்கண் வேஷ்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, குடை இல்லாமல், கொட்டும் மழையில், சேற்றில் 'சளக் சளக்' என்று பாத்ரூமை நோக்கிப் பாய்ந்தார், திவான் பகதூர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உறை மாட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

உறைச் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோர்வை வந்தது. விறுவிறுவென்று, ஆளுக்குப் புது உயிர் வந்த மாதிரி! மூன்று தடவை... டக்கென்று நின்றது. பாடகர் அலறாத குறையாகப் பல்லவியை எடுத்தார். முடிந்தது!

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டலை அந்த ஹால் கண்டதில்லை. முலுண்டு மாமா நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினார். கொத்தவரங்காய் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபாவின் சரித்திரத்திலேயே பெரிய அந்த ஆரவாரத்தை எங்கள் செக்ரெட்டரி பாத்ரூமில் இருந்தபடிதான் கேட்டார்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். மீசைக்காரர் இரண்டு கைகளையும் வெந்நீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேஷு மாமா சேறு சொட்டச் சொட்ட அவர் எதிரே நின்று, "மன்னிக்கணும்... நான் எழுந்திருக்க வேண்டிய மாதிரி..." என்று இழுத்தார்.

மீசைக்காரர் வெந்நீரிலிருந்து கையை எடுத்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க மட்டும் எழுந்திருக்கலைன்னா நான் செத்தே போயிருப்பேங்க!"

எங்களுக்குப் புரியவில்லை.

"எனக்கு எந்த ஊர்லயும் நாலாவது வரிசைதாங்க கடிகாரம். அங்க ஒருத்தர் எழுந்தா, போதும்னு அர்த்தம். கோர்வையை வச்சு முடிச்சுருவேன். இங்க ஒருத்தரும் அசையலை. இத்தனை ரசிகருங்க இன்னும் வேணும் இன்னும் வேணும்னு கல்லாட்டம் உட்கார்ந்திருக்கையிலே நான் எப்படிங்க நிறுத்தறது? எங்க குருநாதர் சொல்லிக்கொடுத்தது, அவர் சொல்லிக்கொடுக்காதது எல்லாத்தையும் வாசிச்சாச்சு. கடைசியிலே என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியாது."

"ஒருத்தர் எழுந்தாலும் உறை போட்டுடுவேன்னு நீங்கதானே..." என்றேன் நான்.

"போன வருஷம் முதல் தட்டிலேயே எழுந்தாங்களேம்மா, அதுதான் அவமானம். அதுக்காக எழுந்திருக்கவே மாட்டேன்னா? அது கொலைம்மா."

சேஷு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் முந்திக்கொண்டேன்.

"மாமா, ஒருத்தர் எழுந்தாலும் நாளைலேர்ந்து வர வேண்டாம்னு சொன்னேளே..."

மாமா தன் பாதத்தைப் பார்த்தார். சேற்றில் விரல்களே தெரியவில்லை.

"செக்ரெட்டரி எழுந்தா அது கணக்கில வராது. நாளைக்குச் சீக்கிரமா வந்துடு."

அதோடு விட்டாரா? அடுத்த மாதக் கச்சேரியிலிருந்து நாலாவது வரிசை ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். தனி ஆவர்த்தனம் போதுமான அளவு வந்ததும் நான் பட்டுப் புடவை சரசரக்க, வித்வான் கண்ணில் படுகிற மாதிரி எழுந்து வெளியே போக வேண்டும். அவர் நிம்மதியாக முடித்துக்கொள்வார். கூட்டம் ரயிலைப் பிடிக்கும். இதுவும் என் வேலையில் சேர்ந்தது. நான் செய்ததிலேயே ரொம்பப் பிடித்த வேலை இதுதான். எத்தனை பெரிய வித்வான்கள்! நான் எழுந்ததும் அவர்கள் முகத்தில் வரும் அந்த நன்றி... சங்கீதம் தெரிந்தவர்களுக்குக்கூட அது கிடைத்திருக்காது.

பிலாய்க்காரர்? அந்த வருடக் கடைசியிலேயே வேறு ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் சிரிக்கிற மாதிரி ஒரு கல்யாணப் போட்டோகூட வந்தது. நன்றாக இருக்கட்டும்.

இப்போது சொல்லுங்கள்... ஆரம்பிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் நிறையப் பேர். மேடையில் பேசுகிறவர், போனில் பேசுகிற சம்பந்தி, கல்யாண ஆல்பம் காட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர். இவர்களுக்கு நிறுத்தவும் ஆசைதான். யாராவது எழுந்தால்தானே நிறுத்த முடியும்? நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்து அவர்களைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் அந்த ஜீன்ஸ் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "இன்சல்ட் இல்லம்மா, இது ஒத்தாசை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். கதவைத் தாண்டுவதற்குள் கோர்வை வந்துவிட்டது. கேன்டீனில் மெதுவடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து இறங்கியது என்பது முழுக்க முழுக்கத் தற்செயல்.

இன்னும்கூடச் சொல்லுவேன்... ஆனால் அதோ, நாலாவது வரிசையில் யாரோ எழுந்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி, முடித்துக்கொள்கிறேன்.